கண் பாராத பேச்சு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



இன்றைய சிந்தனையை ஒரு திருவிழாக் கணக்கிலிருந்து தொடங்குகிறோம். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த மனிதருக்கு இரண்டாம் முறையும் தீங்கு செய்தவர்களாவோம்.

நாங்கள் இருவரும் பணிசெய்த பங்கு ஒன்றில் திருவிழா முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சப்பர அலங்காரம், மின்விளக்கு, மேளம், அசனம் என்று எல்லாவற்றுக்கும் பணம் வசூலித்துக் கொடுத்தவர் ஒரே ஆள். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு, பங்கின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளைஞர், ‘திருவிழா கணக்கு இன்னும் வரலையே, என்ன ஆச்சு?’ என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. சற்று நேரத்தில் இன்னொருவர் ஒரு சிரிப்பு எமோஜி போட்டார். ‘போன வருஷமும் இப்படித்தான்’ என்றார் மற்றொருவர். ஆளுக்கு ஒரு வரி சேர்ந்தது. பதினொன்றரை மணி வாக்கில் ஒருவர் ‘திருடன்’ என்று எழுதினார். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது.

அந்தச் சொல்லின் கீழே ஏழு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். அந்த ஏழில் ஒன்று எங்கள் கைப்பேசியிலிருந்து போனது. கணக்குக் கேட்பது நியாயம்தானே என்ற எண்ணத்தில் போட்டோம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அது போய் ஒட்டிக்கொண்டது அந்தச் சொல்லின் அடியில்தான்.

கொஞ்ச நேரத்தில், அவர் குழுவிலிருந்து வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரி வந்தது. அடுத்த ஞாயிறு அவர் திருப்பலிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. பேருந்து ஏறி வேறு கோவிலுக்குப் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஒலிபெருக்கிக்காரர் பில் தராமல் இழுத்தடித்ததால்தான் தாமதம்.

எங்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. ‘திருடன்’ என்று எழுதியவர் முரடர் அல்ல. இறந்த வீடு என்றால் முதலில் வந்து தோள் கொடுப்பவர். அந்தப் பெரியவரைப் பேருந்தில் கண்டால் எழுந்து இடம் விடுபவர். கோவில் வாசலில் நேருக்கு நேர் நின்றிருந்தால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்கவே வராது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

நேயர்களே, இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்வதற்கென்றே ஒரு படிப்புத்துறை இருக்கிறது. இணைய உளவியல் என்கிறார்கள். சைபர் உளவியல் என்றும் சொல்வதுண்டு. பெயரைக் கேட்டுவிட்டு, கணினிக்கு வைத்தியம் பார்க்கும் துறை என்று நினைத்துவிட வேண்டாம். கணினியும் கைப்பேசியும் நடுவில் வந்து நிற்கும்போது மனிதர் எப்படி நினைக்கிறார், எப்படிப் பேசுகிறார், எப்படி மாறுகிறார் என்று பார்க்கிற துறை இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தத் துறை கைப்பேசியைத் திட்டுவதற்காகப் பிறந்ததல்ல. நம் பிரசங்கங்களில் கைப்பேசியைத் திட்டுவது இப்போது மிக எளிதான வேலையாகிவிட்டது, நாங்களும் அதைச் செய்திருக்கிறோம். ஆனால் இத்துறை ஆய்வாளர்கள் நம்மைவிட நிதானமானவர்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் கிராட் என்பவரும் அவருடைய குழுவினரும் 73 குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்து, அவற்றிலிருந்த 169 பேரை ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, தனிமை உணர்வு சற்றே கூடியது என்று 1998-இல் எழுதினார்கள். உலகமெங்கும் பேச்சானது. அதோடு விட்டிருந்தால் நமக்கெல்லாம் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவர்களே அதே மக்களிடம் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். முன்பு கண்ட தீய விளைவுகளில் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது. அதையும் மறைக்காமல் 2002-இல் எழுதினார்கள். புதிதாக ஆராய்ந்த மக்களிடம் இன்னொன்றும் தெரிந்தது: கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கு இணையம் நன்மை தந்தது, ஒதுங்கியே இருக்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தரவில்லை. தாங்கள் சொன்னதைத் தாங்களே திருத்திக்கொண்ட அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். நியூ ஜெர்சியில் ரைடர் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜான் சூலர், 2004-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். வாட்ஸ்அப் அப்போது பிறக்கவில்லை, அது வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஆனால் எங்கள் பங்கின் குழுவைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. நேரில் பேசும்போது நம் நாவுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது, இணையத்தில் அது கழன்றுவிடுகிறது என்கிறார். ஏன் கழல்கிறது என்பதற்கு ஆறு காரணங்கள் காட்டுகிறார். எல்லாவற்றையும் இங்கே விரிக்கவில்லை. என் பெயர் தெரியாது என்ற துணிவு, இது வெறும் விளையாட்டு உலகம் என்ற நினைப்பு, பெரியவர் சிறியவர் என்ற மரியாதை அங்கே தேய்ந்துபோவது ஆகியவை நமக்கு உடனே விளங்குகின்றன. குழுவில் பங்குத்தந்தையும் ஓர் எண்தானே!

இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்போம்.

ஒன்று, நேரம் தள்ளிப்போவது. நேரில் ஒரு கடுஞ்சொல் சொன்னால் எதிரே உள்ளவர் முகம் அந்த நொடியே சுருங்குகிறது. அதைப் பார்த்ததும் நம் அடுத்த சொல் தானாகத் தணிகிறது. குழுவிலோ, எழுதிவிட்டுக் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிடலாம். தெருவில் கல்லெறிந்துவிட்டு ஓடுகிற சிறுவனுக்குக் கண்ணாடி உடையும் சத்தமாவது கேட்கும். நமக்கு அதுவும் கேட்பதில்லை.

இரண்டாவது நுட்பமானது. மற்றவர் எழுதியதை நாம் வாசிக்கும்போது அது யாருடைய குரலில் கேட்கிறது? அவர் குரலில் அல்ல, நம் மனம் அவருக்குக் கொடுத்த குரலில். அவர் சாதாரணமாக எழுதிய ‘சரி’ என்ற சொல், நம் உள்ளத்தில் கோபமிருந்தால் திமிராகக் கேட்கிறது, பயமிருந்தால் மிரட்டலாகக் கேட்கிறது. மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும், செய்தி வழியே சண்டைபோட்டுவிட்டு எங்களிடம் வந்து அந்தச் செய்தியை வாசித்துக் காட்டுவார்கள். வாசித்துக் காட்டுகிற தொனியிலேயே பாதிச் சண்டை இருக்கும். கைப்பேசியை வாங்கி நாங்கள் நிதானமாக வாசித்தால், ‘இவ்வளவுதானா?’ என்று அவர்களே வியப்பார்கள்.

ஆனாலும் எங்கள் பங்கில் நடந்ததற்கு இவை போதவில்லை. அங்கே யாரும் பெயரை மறைத்துக்கொள்ளவில்லை. எழுதியவர் யார், அவர் வீடு எது, அவர் தாத்தா யார் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். பிறகு எப்படி?

இதற்கு இஸ்ரயேலில் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு விடை சொல்கிறது. முன்பின் அறியாதவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு சிக்கலைக் கொடுத்து, தட்டச்சு செய்து பேசி ஒரு முடிவுக்கு வரச் சொன்னார்கள். சிலருக்குப் பெயர் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலரை ஒளிப்படக் கருவியில் பார்க்க முடியும், சிலரைப் பார்க்க முடியாது. சிலர் மட்டும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்படி அமர்த்தப்பட்டார்கள். வசையும் மிரட்டலும் எங்கே கூடுதலாக வந்தன என்று எண்ணிப் பார்த்தார்கள். பெயர் மறைந்திருக்கும் இடத்தில்தான் அதிகம் வரும் என்று நாம் நினைப்போம். அவர்கள் கண்டதோ, எல்லாவற்றையும்விட அதிகமாக வசையைத் தூண்டியது கண்ணோடு கண் பாராமல் இருந்ததுதான் என்பது.

நேயர்களே, இதை வாசித்தபோது எங்களுக்கு உடனே தலைமைக் குருவின் வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. இரவு நேரம், நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். பேதுரு அங்கே உட்கார்ந்து, அந்த மனிதரைத் தெரியாது என்று மூன்று முறை மறுக்கிறார். சேவல் கூவுகிறது. மற்ற நற்செய்தியாளர்கள் சொல்லாத ஒன்றை லூக்கா மட்டும் சொல்கிறார்: ஆண்டவர் திரும்பி, பேதுருவைக் கூர்ந்து பார்த்தார். ஒரு சொல்கூடப் பேசவில்லை, கண்டிக்கவில்லை. அந்தப் பார்வை விழுந்த பிறகுதான் பேதுரு வெளியே போய் மனம் நொந்து அழுகிறார். மூன்று முறையும் அவர் நாவு தடையில்லாமல்தான் ஓடியது. அந்தக் கண்களை நேரில் சந்தித்ததும் அந்த நாவு அடங்கியது.

அப்படியானால் திரை என்பதே தீமையா? இல்லை. சூலர் அந்தக் கட்டுரையில் இன்னொரு பாதியையும் சொல்கிறார், நம் பிரசங்கங்களில் அது விடுபட்டுப்போகிறது. கடிவாளம் கழலும்போது வசை மட்டும் வெளிவருவதில்லை. அடக்கி வைத்த துயரமும் வெளிவருகிறது. பெற்றோரிடம் சொல்ல வெட்கப்பட்டதை, முகம் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்வதை, ஒரு பெண்பிள்ளை இரவு இரண்டு மணிக்கு எழுத்தில் கொட்டிவிடுகிறாள். எங்களுக்கும் அப்படிச் செய்திகள் வந்திருக்கின்றன. காலையில் அந்தப் பிள்ளையைக் கோவிலில் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோலச் சிரிப்பாள். எழுத்து இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. (அப்படிப்பட்ட வேளையில் உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

மறைத்துக்கொண்டால் மனம் திறக்கும் என்பதைத் திரு அவை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவுக்கும் நமக்கும் நடுவே துளையிட்ட தட்டி இருக்கிறதே, அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு 16-ஆம் நூற்றாண்டில் மிலான் நகரின் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோவுக்கு உண்டு. முகம் தெரியாது, குரல் மட்டும் போகும். நம் பாட்டிமார் எத்தனை பேர் அந்தத் தட்டியின் துணையால்தான் வாய் திறந்திருப்பார்கள்!

ஆனால் அந்தத் தட்டிக்கு அப்பால் ஓர் ஆள் இருக்கிறார். கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லாத கடமை உள்ளவர், தானும் ஒரு பாவி. இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இத்துறையின் தொடக்க காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கல்விக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 1966-இல் ‘எலிசா’ என்ற கணினி நிரலை வெளியிட்டார். சிறுவனாக இருந்தபோது நாட்சிகளின் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வெளியேறி வந்தவர் அவர். எலிசாவுக்கு ஒன்றும் புரியாது. நாம் தட்டச்சு செய்யும் வரியையே திருப்பிக் கேள்வியாகப் போடும். அம்மா என்றால், உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று கேட்கும். அவ்வளவுதான். அவருடைய செயலாளராக இருந்த பெண்மணி, அதை அவர் மாதக்கணக்கில் உருவாக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்தவர். அவரே அதனோடு சிறிது நேரம் பேசத் தொடங்கியதும், வைசன்பாமைப் பார்த்து, நீங்கள் அறையைவிட்டுக் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று கேட்டாராம். தனியாகப் பேச வேண்டுமாம்! வைசன்பாம் அதிர்ந்துபோனார். கணினியிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று பின்னர், 1976-இல், ஒரு நூலே எழுதினார்.

அந்தப் பெண்மணியைப் பார்த்து நாங்கள் சிரிக்கவில்லை. கேட்பதுபோல் ஒன்று எதிரே இருந்தாலே போதும் என்னும் அளவுக்கு மனிதருக்குச் சொல்லிக்கொள்ளத் தேவை இருக்கிறது. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் எலிசாவின் பேரப்பிள்ளைகள் ஆயிரம் மடங்கு இனிமையாகப் பேசுகின்றன. அங்கே போய்ச் சொல்கிறார்கள் என்றால், வீட்டில் கேட்க யாருக்கும் நேரமில்லை என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் அருளடையாளங்கள் நிகழ முடியாது என்று திரு அவை 2002-ஆம் ஆண்டிலேயே ஓர் ஏட்டில் தெளிவாகச் சொன்னது. அது வெறும் சட்டம் என்று நினைத்திருந்தோம். அருளடையாளத்துக்குத் தண்ணீரும் அப்பமும் எண்ணெயும்போல, எதிரே ஓர் ஆளும் வேண்டும் என்று இப்போது விளங்குகிறது.

விவிலியத்தில் கடிதங்கள் நிறைய உண்டு. அவற்றை எழுதியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. கொரிந்தில் சிலர், கடிதத்தில் பார்த்தால் பவுல் சிங்கம்போல, நேரில் வந்தால் ஒன்றுமில்லை என்று ஏளனம் செய்தார்கள். பவுலே அதைச் சொல்லி வருந்துகிறார். யோவானின் இரண்டாம் மடல் மிகச் சிறியது. அது ஏன் சிறியதாக இருக்கிறது என்பதற்கு அதன் முடிவிலேயே காரணம் இருக்கிறது. எழுத வேண்டியது நிறைய உண்டு, தாளிலும் மையிலும் வேண்டாம், நேரில் வந்து பேசுகிறேன் என்ற பொருளில் அவர் முடிக்கிறார். கிரேக்க மூலத்தில் ‘வாயோடு வாய்’ என்றே இருக்கிறது. எழுதத் தெரிந்த ஒருவர், எழுதாமல் நிறுத்திக்கொள்கிறார்.

மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரரை என்ன செய்வது என்று ஆண்டவர் ஒரு வரிசை சொல்லித் தருகிறார். முதலில் நீயும் அவருமாகத் தனியே இருக்கும்போது பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் திருச்சபையிடம் சொல். எங்கள் குழுவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் திருச்சபைக்கே சொல்லியாயிற்று, 240 பேருக்கு, இரவு பத்தரை மணிக்கு. பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து தனியாக அலசினார்கள். அந்த மனிதரிடம் மட்டும் யாரும் போகவில்லை. வரிசை அப்படியே தலைகீழ்.

நாங்களும் போகவில்லை. போனது ஐந்து மாதம் கழித்து.

மாலை நேரம். கதவைத் திறந்தவர், “வாங்க சாமி, வாங்க சிஸ்டர்” என்று வழக்கம்போலத்தான் சொன்னார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். இதற்காக வரவில்லை என்று சொன்னோம். அவர் கேட்கவில்லை. ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, எங்களைப் படிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் படித்தோம். அதுவரை அவர் நிமிரவே இல்லை. கடைசி ரசீதை வைத்த பிறகு நிமிர்ந்து பார்த்து, “நேர்ல கேட்டிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேனே சாமி” என்றார்.

கட்டைவிரலைப் பற்றிச் சொன்னோம். சொல்வதற்குள் வாய் உலர்ந்துவிட்டது.

“தெரியும்” என்றார். “அதைத் தொட்டா யார் யார் போட்டதுன்னு காட்டுமே. அன்னைக்கு ராத்திரியே பார்த்துட்டேன்.”

ஐந்து மாதமாக அதைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அவர் தலையை அசைத்தார். அந்த அசைவுக்கு என்ன பொருள் என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தோம்.

அடுத்த வாரம், அந்தச் சொல்லை எழுதியவர் தம் மனைவியோடு அந்த வீட்டுக்குப் போனார். கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பெரியவர் இன்னும் குழுவில் சேரவில்லை, நாங்களும் சேர்க்கச் சொல்லவில்லை. போன ஞாயிறு முதல் பூசையில், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்தோம். பூசை முடிந்து நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.